அமர்வுப் படி வேண்டாம், கோப்புக்குக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

மாநில மருத்துவ கவுன்சிலில் மருத்துவர்கள் மீதான புகாரை ஆராயும் குழுவினருக்குப் பணம் கொடுக்கலாமா, கௌரவப் பணியாகவே விடலாமா என்று பேசுவோர், அந்த வேலை எங்கே நடக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. பெரும்பகுதி விசாரணை அறைக்கு வெளியே, கோப்புக்குள் நடக்கிறது.

ஒரு பிரசவ மரணப் புகார் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, செவிலியர் எழுதிய ரத்த அழுத்த அட்டவணை, ரத்தம் கேட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், ஒப்புதல் படிவம் எல்லாவற்றையும் மணிவாரியாக அடுக்கி ஒப்பிட்டால்தான் எங்கே தாமதம், எது பிற்பாடு எழுதிச் சேர்த்தது என்பது பிடிபடும். ஒழுங்காகப் படிக்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். விசாரணையோ அரை மணியில் முடிந்துவிடும். அமர்வுக்கு இவ்வளவு என்று படி வைத்தால் அந்த அரை மணிக்குத்தான் காசு. படிக்காமல் வந்தவர் வாய்தா கேட்பார். வாய்தாவுக்கு இன்னொரு படி!

2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் புகாரை 6 மாதத்துக்குள் முடிக்கச் சொல்கின்றன. வாய்தா கூடினால் அது எப்படி நடக்கும்? சென்னையில் நடக்கும் விசாரணைக்குக் காரைக்குடிக்காரர் விடியுமுன் பல்லவன் ரயிலில் ஏறினாலும் எழும்பூர் சேர நண்பகல் தாண்டிவிடும். காலை விசாரணை என்றால் முந்தின நாளே கிளம்பி லாட்ஜில் தங்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே செலவு.

ஆகவே கோப்புக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்க வேண்டும். 5,000 ரூபாய் என்றால், பாதியை எழுத்துக் கருத்து வந்ததும், மீதியை இறுதி ஆணையில் கையெழுத்தானதும் தரலாம். கருத்து 30 நாளில் வராவிட்டால் கோப்பு அடுத்தவருக்குப் போகட்டும். மருத்துவர் தவறு செய்தார் என்றாலும் இல்லை என்றாலும் தொகை ஒன்றே. பயணப்படி தனிக் கணக்கு.

பிரிட்டனில் 2012 முதல் இதற்கெனத் தனித் தீர்ப்பாயமே இருக்கிறது. உறுப்பினர்களுக்கு நாள் கணக்கில் ஊதியம். நமக்கு நாள் கணக்கு ஒத்துவராது, காரணம் மேலே சொன்னதுதான்.

பணத்தைப் புகார்தாரரிடமோ குற்றம் சாட்டப்பட்டவரிடமோ வாங்கக் கூடாது. நகரத்தார் தங்கள் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி வாங்குவதுபோல், எல்லா மருத்துவரும் கட்டும் பதிவுக் கட்டணத்திலிருந்து பொதுவில் எடுக்கலாம்.

அரசு மருத்துவர்கள் வெளி ஊதியம் பெற, அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 46 குறுக்கே நிற்கும். ஆளுக்கு ஆள் அனுமதி கேட்டுக் காத்திராமல் அரசே ஒரு பொது ஆணை போட்டுவிடலாம்.

பணத்தைவிடச் சிக்கலானது ஆள் தேர்வு. நம் வட்டாரத்தில் மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் நோயாளிகளை அனுப்பிக்கொள்பவர்கள். காரைக்குடிக் கோப்பு சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்குப் போகக் கூடாது. தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ போகட்டும். பெயர்ப் பட்டியலிலிருந்து சுழற்சி முறையில் எடுக்க வேண்டும். வேண்டியவர், போட்டியாளர் என்ற தொடர்பு இல்லை என்று கோப்பைப் பிரிக்கும் முன்பே எழுதி வாங்க வேண்டும்.

யாருக்கு எத்தனை கோப்பு, எவ்வளவு தொகை என்பதை மருத்துவ கவுன்சில் ஆண்டுதோறும் இணையதளத்தில் போடலாம். பெயர் வேண்டாம், வரிசை எண் போதும்.

மருத்துவர்கள் சிலர்,
காரைக்குடி