ராகுவைத் தேடி வந்தவனுக்குச் சோறு போட்டவர்களுக்கு

கிரகணம் பற்றிய ஆய்வேட்டை ஒருவழியாகக் கொடுத்துவிட்டேன். அதன் முன்னுரையில் இருக்கிற நன்றி பல்கலைக்கழகத்துக்கு. இது உங்களுக்கு.

முதலில் பாம்பன் அண்ணன். மதமும் அறிவியல் வரலாறும் படிக்கிறேன் என்றதும் "ரெண்டையும் ஏன்யா ஒண்ணா போட்டுக் குழப்புற?" என்று சிரித்துவிட்டு, வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசினீர்கள். அமாவாசையை ஒட்டி நீவாடு (கடல் நீரோட்டம்) இழுப்பு கூடுவதைச் சொல்லிவிட்டு, அப்புறம் கேட்டீர்களே, "அமாவாசைதோறும் சூரியனும் சந்திரனும் சேருதுன்னா கிரகணம் ஏன் மாசாமாசம் வரல?" அந்தக் கேள்வியால் ஓர் அத்தியாயத்தையே திருப்பி எழுதினேன். நிலாவின் பாதை சூரியன் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்வு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தருகே அமாவாசை விழுந்தால்தான் சூரிய கிரகணம். அந்த வெட்டுப் புள்ளிகளுக்குத்தான் பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்று பெயர். கோயிலில் பாம்பு, கணக்கில் புள்ளி. நான் மேதாவியாக இரண்டையும் வேறு வேறு அத்தியாயத்தில் வைத்திருந்தேன்.

ராமேசுவரத்துப் பஞ்சாங்கத் தாத்தா, நிலா அன்றன்று நிற்கும் இடத்தைச் சொற்களில் பொதிந்த 248 வாக்கியங்களில் நீங்கள் மனப்பாடமாகச் சொன்னவை என் போனில் பத்திரமாக இருக்கின்றன. 1825-ல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்து ஜான் வாரன் என்ற அதிகாரிக்குக் காட்டினார், தொடக்க நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு என்று படித்திருந்தேன். ஆனால் பேத்தியின் பல்லாங்குழிச் சோழியைப் பிடுங்கி (பாவம், அழுதாள்) நீங்கள் திண்ணையில் பரப்பிய பிறகுதான் அது மண்டையில் ஏறியது.

கீழக்கரையில் நண்பனின் வாப்பா கிரகணத் தொழுகை பற்றிச் சொன்னார். நபிகளின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் பிடித்ததாம். யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் அது பிடிப்பதில்லை என்றாராம் நபிகள். சொல்லி முடித்துத் தொதல் கொடுத்தார். சரி, அதற்கும் நன்றி.

தனுஷ்கோடி டீக்கடை அக்கா, 2010 ஜனவரி 15, தை அமாவாசை, கிரகணத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வளையமாகத் தெரிந்த சூரியன். கிரகணத்தில் யாரும் வாய் வைக்கமாட்டார்கள் என்று நீங்கள் அடுப்பை அணைத்ததும், டெலஸ்கோப்காரர்கள் டீ கேட்டதால் முணுமுணுத்தபடி திரும்பப் பற்றவைத்ததும் அப்படியே ஆய்வேட்டில் இருக்கிறது. உங்கள் நோட்டில் என் பெயரில் பதினோரு டீ பாக்கி. அடுத்த வாரம் வருகிறேன்.