தமிழ் வழிமுறைத் தாளில் பிழை, எனக்கு வந்த நெகட்டிவ் ரிப்போர்ட்: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களிடம் ஆண்களுக்கான பால்வினைத் தொற்றுப் பரிசோதனை கிட் வாங்கினேன். வீட்டிலேயே சிறுநீர் பிடித்து கூரியரில் அனுப்பினால், கிளமிடியாவும் கொனோரியாவும் (நம் ஊரில் வெட்டை என்பார்களே, அது) இருக்கிறதா என்று பிசிஆர் முறையில் பார்த்துச் சொல்லும் கிட். எனக்கு 24 வயது. ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவின் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஆறு மாதம் தள்ளிப்போட்டவன், இந்த கிட் இருந்ததால்தான் துணிந்து டெஸ்ட் எடுத்தேன். அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

பெட்டிக்குள் இருந்த தாளில், தமிழ்ப் பக்கத்தின் மூன்றாவது வரி இது: "முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, இடையில் வருவதைப் பிடிக்கவும்." அதற்கு மேலே, உறுப்பை நன்றாகக் கழுவிக்கொள்ளவும் என்று வேறு இருக்கிறது. ஒரு வரி விடாமல் அப்படியே செய்தேன். டியூபில் இருக்கும் இரண்டு கறுப்புக் கோட்டுக்கு நடுவே சிறுநீர் நிற்க வேண்டும் என்பதால் டிராப்பரால் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மூடினேன். நான்கு நாளில் நெகட்டிவ் என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டை நான் காதலிக்கும் பெண்ணிடம் காட்டினேன், அவளும் நம்பினாள்.

இரண்டு வாரம் கழித்து சிறுநீர் போகும்போது லேசான எரிச்சல். டாக்டரிடம் போய் உங்கள் ரிப்போர்ட்டை நீட்டினால், அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்படிப் பிடித்தீர்கள்?" தாளைக் காட்டினேன். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்குக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) பார்க்கத்தான் இடையில் வருவதைப் பிடிப்பார்கள், சிறுநீர்க் குழாய் நுனியில் இருக்கும் கிருமி கலந்துவிடக் கூடாது என்பதற்காக. இங்கே தேடுவதே அந்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் கிருமியை. குறைந்தது ஒரு மணி நேரம் அடக்கியிருந்து, கழுவாமல், முதலில் வரும் 20, 30 மில்லியைப் பிடித்தால்தான் அது சேர்ந்து வரும் என்றார். அவர் சொன்னபடி திரும்பக் கொடுத்தேன். கிளமிடியா பாசிட்டிவ்.

முதல் டெஸ்ட் இதனால்தான் தவறியது என்று அடித்துச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தாளில் இருப்பது தவறு, அதில் சந்தேகமே இல்லை. எனக்கு ஏழு நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், அவளுக்கும் பரிசோதனை, மருந்து. ஆண்களுக்குப் பல நேரம் அறிகுறியே தெரியாது, பெண்களுக்குக் கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் வரை போய்க் குழந்தைப்பேற்றையே பாதிக்கலாம். எனக்கு அந்த எரிச்சல் வராமலே இருந்திருந்தால்?

அதே தாளைத் திருப்பினால் ஆங்கிலப் பக்கத்தில் சரியாகவே இருக்கிறது. தமிழ் மட்டும் படிப்பவருக்குத்தான் தவறான வழிமுறை போயிருக்கிறது. வேறு ஏதோ டெஸ்டுக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இதைச் சொன்னதற்கு உங்கள் சாட்டில் வந்த பதில், "ரிப்போர்ட் சரியாக உள்ளது", கூடவே ஒரு தள்ளுபடி கூப்பன். எனக்குக் கூப்பன் வேண்டாம்.

இந்தத் தாளோடு கிட் வாங்கிய எல்லோருக்கும் தகவல் அனுப்புங்கள், இலவசமாகத் திரும்ப டெஸ்ட் செய்துகொடுங்கள், கையிருப்பில் உள்ள பெட்டிகளில் தாளை மாற்றும் வரை விற்காதீர்கள். அப்புறம், தொண்டையிலோ ஆசனவாயிலோ தொற்று இருந்தால் சிறுநீரில் தெரியாது, சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதையும் தமிழில் போடுங்கள். இதே கிட் வாங்கிய என் நண்பன் ஒருவன் எல்லாமே க்ளியர் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

தாளின் இரண்டு பக்கப் படமும், இரண்டு ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன். ஏழு நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். பதிலை மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள், போனில் கூப்பிட வேண்டாம், பகலில் பக்கத்தில் ஆள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்