எஸ்ஸன் நகரத்து மளிகைக் கடை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்து மீண்டும் கடைக்குப் போய் உட்காருகிறீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் ஜெர்மனியில் மகள் வீட்டில் நலமாக இருக்கிறேன். நாங்கள் வாரந்தோறும் சாமான் வாங்கும் ஆல்டி என்ற மளிகைக் கடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைக்காரரான உங்களுக்கு அந்தக் கதை நிச்சயம் பிடிக்கும்.

எஸ்ஸன் நகரத்தில், சுரங்கத் தொழிலாளர் மிகுந்த ஷோனபெக் பகுதியில், அன்னா ஆல்பிரெக்ட் என்ற பெண்மணி முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் தொடங்கிய சிறு கடையே இதற்கு வேர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அவருடைய மகன்கள் கார்லும் தியோவும் அதை ஏற்று நடத்தினார்கள். கையில் முதல் குறைவாக இருந்ததால் சில சரக்குகளை மட்டுமே வைத்தார்கள்; வசதி வந்தபின் மற்றக் கடைகளைப் போல விரித்துக்கொள்ளலாம் என்பதே எண்ணம். ஆனால் வகைகள் குறைவாக இருந்தும் விலை மலிவு என்பதற்காகவே கூட்டம் வந்ததால், இல்லாமையால் செய்ததையே கடையின் முறையாக நிலைநிறுத்திக்கொண்டார்கள். அலங்காரம் கிடையாது, அட்டைப்பெட்டியைக் கிழித்து அப்படியே அடுக்கிவிடுவார்கள். பிற கடைகளில் வாடிக்கையாளர்கள் சாமான் வாங்கும்போது கிடைத்த முத்திரைகளைச் சேர்த்துப் பின்னால் பெற்றுவந்த 3 விழுக்காட்டுத் தள்ளுபடியை, இவர்கள் விலையிலேயே முன்கூட்டிக் கழித்தார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சாமர்த்தியமாகத் தோன்றுகிறது.

1960 வாக்கில் ஏறத்தாழ 300 கடைகள் ஆகிவிட்ட நிலையில், சிகரெட் விற்கலாமா என்பதில் சகோதரர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. திருட்டு பெருகும் என்று கார்ல் மறுத்தார். ஜெர்மனியின் வடபகுதி தியோவுக்கும் தென்பகுதி கார்லுக்கும் எனப் பிரித்துக்கொண்டு, 1962இல் ஆல்பிரெக்ட், டிஸ்கவுன்ட் என்ற சொற்களின் முன்னெழுத்துகளைச் சேர்த்து ஆல்டி என்ற பெயரை இருவருமே வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளை நினைத்தால் இது அதிசயம்தான். பின்னர் தெற்குப் பிரிவு ஆஸ்திரியாவுக்கும், 1976இல் அமெரிக்காவுக்கும், 2001இல் ஆஸ்திரேலியாவுக்கும் போயிற்று. வடக்குப் பிரிவு நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் என்று பரவியது.

சிக்கனம் அவர்கள் உடம்போடு ஊறியது. 1971இல் தியோவைக் கடத்தியவர்கள், அவருடைய எளிய உடையைக் கண்டு ஆள் இவர்தானா என்று சந்தேகப்பட்டு அடையாள அட்டையைக் கேட்டார்களாம். 17 நாட்களுக்குப் பின் 70 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) பெற்றுக்கொண்டு அவரை விடுவித்தார்கள்.

உங்கள் கடையில் இப்போது எத்தனை வகைச் சோப்பு வைத்திருக்கிறீர்கள், அவற்றில் எத்தனை உண்மையில் விற்கின்றன என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்