நெஞ்சுவலி மாத்திரையைப் பாதியில் நிறுத்த வைக்காதீர்கள்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் மருந்தகப் பொறுப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால் மாத்திரை இருப்பில் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். போன மாதமும் இல்லை, இந்த மாதமும் இல்லை. சீட்டில் அந்த வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, மற்ற மாத்திரைகளை மட்டும் கொடுத்து, "அது வரலம்மா, அடுத்த தடவ வாங்கிக்கோங்க" என்கிறார்கள். கவுன்ட்டரில் இருக்கும் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. இல்லாததை அவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? ஆனால் அடுத்த தடவை வரைக்கும் அந்த ஒரு மாத்திரை இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று வரிசையில் நிற்கிறவர்களுக்கு யாருமே சொல்வதில்லை.

எனக்கு ஆஞ்சைனா. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதால், துடிப்பு கூடும்போது தேவையான ரத்தம் போய்ச் சேராமல் நெஞ்சு இறுகிவிடும். துடிப்பை மட்டுப்படுத்தி என்னை நடமாட வைப்பது அந்த மாத்திரைதான். அதைச் சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வேகம் முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பும். வலி அதிகமாகும், மாரடைப்பு வரைக்கும் போகலாம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால்கூட ஒன்றிரண்டு வாரத்தில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். இது உங்கள் மருத்துவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாத்திரை தீர்ந்து சில நாட்களிலேயே, ஈரப் புடவையைக் கொடியில் போடக் கையைத் தூக்கினால் நெஞ்சு பிடித்தது. அதுவரை எனக்கு மாடிப்படி ஏறினால்தான் வலி வரும், உட்கார்ந்தால் போய்விடும். அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தது, தாடை வரைக்கும் இழுத்தது. நெஞ்சுவலியை உடனே அடக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் அடங்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டு, உங்கள் அவசரப் பிரிவுக்கே இரவில் வந்து சேர்ந்தேன். அங்கே என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், மறுக்கவில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். நான் நிறுத்தவில்லை ஐயா. உங்கள் கட்டடத்திலேயே இன்னொரு அறையில் அதை நிறுத்திவிட்டார்கள்.

இதயம் காக்கும் இந்த மாத்திரையை யாருக்கும் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். என் கோரிக்கை இதுதான்.

2023-இல் வந்த தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அரசு 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி மருந்து வாங்கும் முறையை மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. இவ்வளவும் செய்யத் தெரிந்த ஊரில், மாரடைப்பு வந்தபின் கொடுக்க மருந்து இருக்கிறது, வராமல் காக்கும் மாத்திரைக்குச் சிவப்பு வட்டமா? அதிலும் பெண்களுக்கு நெஞ்சு வலித்தால் வாயு என்றுதான் முதலில் சொல்வார்கள். அதைத் தாண்டி, ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோ எல்லாம் முடிந்து, கடைசியில் கையில் கிடைக்கிற சீட்டு அது. வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்தான். சரி, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று தெரியாத கூலிவேலைக்காரர் எதை வாங்குவார்? நாலில் மூன்று கிடைத்ததே என்று நிம்மதியாகப் பஸ் ஏறிவிடுவார்.

கோபத்தில் நிறையப் பேசிவிட்டேன். பணிவோடு கேட்கிறேன். இருப்பு குறையும்போதே உள்ளூரில் கொள்முதல் செய்யப் பாருங்கள். முடியாவிட்டால், வருகிறவருக்குப் பத்து நாளுக்காவது பகிர்ந்து கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் சீட்டில் வட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள். அதே வகையில் வேறு மாத்திரை எழுதலாமா, என்ன அளவில் என்று அவர் முடிவு செய்யட்டும். "இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது" என்று கவுன்ட்டர் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

என்னிடம் இருப்பது இந்த மாதக் கடைசி வரைக்கும் வரும். அதற்குள் ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இதயப் பிரிவு வெளிநோயாளி ஒருவர்