தம்பிக்கு வந்தது கொரோனா இல்லை

அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டம் எழுதப்போகும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. போதைக்காக டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வான். அது வீட்டுக்குத் தெரிந்ததே 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கு போட்ட பிறகுதான்.

மாத்திரை கிடைக்காமல் போனதும், முதலில் மூக்கு ஒழுகியது. ஓயாத கொட்டாவி, வாந்தி, பேதி. சேலத்து வெயிலில், மொட்டை மதியத்தில், இரண்டு போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தான். அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். வந்து சளி மாதிரி எடுத்தார்கள். தொற்று இல்லை என்றார்கள். அப்படியானால் இது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் மறைத்திருப்போம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 26 முதல் 28 வரை இங்கே முழு ஊரடங்கு. அந்த மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான். சனியன் விட்டது என்று அம்மா விளக்கேற்றினாள். மே 7இல் டாஸ்மாக் திறந்தபோது டிவியில் குடிகாரர்களுக்காகவாவது நாலு பேர் வாதாடினார்கள். இவனைப் போன்றவர்களுக்கு ஒரு நாதியில்லை.

மாதக்கணக்கில் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஜூனில் மாத்திரை கிடைத்ததும் அதே அளவு ஏற்றிக்கொண்டான். உதடு நீலம் பாரித்து, குறட்டை மாதிரி மூச்சு இழுத்தது. கூட இருந்தவர்கள் போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். பிழைத்தான்.

போதை ஊசிக்காரர்களுக்கான சிகிச்சை மையத்தில், ஊழியர் கண்முன்னே நாக்குக்கடியில் கரைக்க வேண்டிய பூப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தை, 2020இல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழிவிட்டது. நல்ல காரியம். ஆனால் அது பதிவேட்டில் பெயர் இருப்பவர்களுக்கு. ஊரடங்கின் நடுவில் புதிதாக ஒருவன் போய்ச் சேர வழி வேண்டும், போகிற வழியில் தடியடி கூடாது. மூச்சை மீட்கும் நலோக்சோன் மருந்து ஒவ்வொரு 108 வண்டியிலும் இருக்க வேண்டும். 108ஐக் கூப்பிட்டவன் மேல் வழக்கு வராது என்று ஊரறியச் சொல்லுங்கள். சளி எடுக்க வருகிறவர், வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்.

தம்பி இப்போது பட்டறைக்குப் போகிறான். இதைப் படித்துக் காட்டினேன். தெருவின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா