வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. புத்தகப் பரிமாற்றம் வழக்கம்போல் நடந்தது. கூட்ட அறைக்குப் புது மின்விசிறி வாங்கினோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, ஆங்கில அரசர்களை எதிர்த்து அந்நாட்டு மக்களே செய்த கிளர்ச்சிகள் பற்றிய மாதத் தொடர். அதை முன்மொழிந்தவன் நான். 1381ஆம் ஆண்டின் விவசாயிகள் கிளர்ச்சி ஒன்றிலேயே ஐந்து மாதம் நின்றுவிட்டோம் என்று குறை சொல்கிறார்கள். நின்றதற்குக் காரணம் இருக்கிறது.

பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் போதாமல் நான்கு ஆண்டுக்குள் மூன்று தலைவரி போட்டார்கள். 1377இல் தலைக்கு 4 பென்ஸ். 1379இல் அவரவர் அந்தஸ்துக்குத் தகுந்தபடி. மூன்றாவது வரியில், 15 வயது தாண்டியவர்களுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். ஊரில் வசதியுள்ளவர் ஏழைக்குக் கைகொடுக்கலாம் என்று விதி இருந்தது. வசதியுள்ளவரே இல்லாத ஊரில் கூலிக்காரனும் முழு ஷில்லிங் கட்ட வேண்டியதுதான். விளைவு, 1377 பட்டியலில் இருந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் புதுப் பட்டியலில் இல்லை. ஊரே சேர்ந்து பெயர்களை மறைத்திருக்கிறது, அதிலும் விதவைகள், மணமாகாத பெண்களின் பெயர்களை.

விசாரிக்க வந்த அதிகாரியை மே 30 அன்று எசெக்ஸின் பிரென்ட்வுட்டில் ஃபாபிங் கிராமத்தார் விரட்டியடித்தார்கள். இரண்டே வாரத்தில் கிளர்ச்சிக்காரர்கள் லண்டனுக்குள் இருந்தார்கள். அரசரின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட்டின் சவாய் மாளிகை எரிந்தபோது, வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்து எடுத்த ஒருவனைக் கூட்டாளிகளே தீயில் தள்ளினார்களாம். நாங்கள் திருடர்கள் அல்ல என்று காட்ட. அப்புறம் 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்ட், மைல் எண்டில் பண்ணையடிமை முறை ஒழியும் என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். ஜூலை பிறந்ததும் எழுதிக் கொடுத்தது ரத்தானது. இதை வாசித்த அன்று அறையில் ஐந்து பேர். முந்தின நாள் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்திருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அறுபத்திரண்டு உறுப்பினரில் சந்தா கட்டியவர்கள் இருபத்து மூன்று பேர். சிலரிடம் மூன்றாண்டு நிலுவை. முடியாதவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே தொகை வைத்தது நம் தவறு. மாணவருக்கும் வேலையில்லாதவருக்கும் 100 ரூபாய், மற்றவர்களுக்கு 500 என்று மாற்றத் தீர்மானம் கொண்டுவருகிறேன். வசதியிருந்தும் கட்டாதவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அறை தந்த நூலகத்தாருக்கும், பொருளாளருக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற நண்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டு 1450இல் ஜாக் கேட் என்பவர் நடத்திய கிளர்ச்சி, 1536இல் வடக்கே எழுந்த கிளர்ச்சி, 1649 ஜனவரி 30இல் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டது வரை போக ஆசை. அறைக்கு மின்கட்டணம் நாம்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதுள்ள கையிருப்பு ஜூன் வரை தாங்கும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்தும் அரை மணி நேரம் அங்கேதான் இருப்பேன்.

செயலாளர்