குழந்தையின் தொகையைத் தனியே கணக்கிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்துக்குப் பின் குழந்தைக்குத் தந்தை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே, "சம்பளத்தில் கால் பங்கு" என்று சட்டமே எழுதி வைத்திருப்பதைப் போலப் பலரும் சொல்கிறார்கள். அப்படி ஒரு சட்டப் பிரிவு கிடையாது. கணவரின் வருமானத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமான தொகையாக இருக்கும் என்று 1970-ல் குல்பூஷண் குமார் வழக்கிலும், அதைச் சுட்டிக்காட்டி 2017-ல் கல்யாண் தே சவுத்ரி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியதே இந்த நம்பிக்கைக்கு அடிப்படை. அந்த 2017 தீர்ப்பிலேயே, 95,000 ரூபாய்க்குச் சற்று அதிகமாக நிகரச் சம்பளம் பெற்ற கணவர் மறுமணம் செய்து இன்னொரு குழந்தைக்கும் தந்தையாகியிருந்ததைக் கருதி, மாதம் 23,000 ரூபாய் என்றிருந்த தொகை 20,000 ஆகக் குறைக்கப்பட்டது. அதுவும் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து. அதில் மகனின் பங்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. என் கவலை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

குழந்தையின் உரிமை தாயின் உரிமையிலிருந்து வேறானது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956-ன் 20-வது பிரிவு, குழந்தையைப் பராமரிக்கும் கடமையைத் தந்தை, தாய் இருவர் மீதும் வைக்கிறது. பத்மஜா சர்மா வழக்கில் (2000) தாயும் வேலையில் இருந்ததால், ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 3,000 ரூபாய் தேவை என முதலில் நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், பிறகு அதைத் தந்தைக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்தது. சரியான வரிசை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: குழந்தையின் செலவை முதலில் எழுத வேண்டும், வருமானத்தை அதன் பிறகே பார்க்க வேண்டும். பள்ளிக் கட்டணம், வேன், மருத்துவம், உணவு, வாடகையில் ஒரு பகுதி எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் ஆகிறது, தந்தைக்கு 60,000, தாய்க்கு 20,000 வருமானம் என்றால், தந்தை 9,000, தாய் 3,000 என்று கணக்கு எளிதாக வந்துவிடும். சமைத்துப் போட்டு, காய்ச்சலில் கண்விழித்து, பாடம் சொல்லிக்கொடுக்கும் தாயின் உழைப்புக்கு இதில் மதிப்பே போடவில்லை என்பதையும் நீதிமன்றம் மனதில் கொள்ள வேண்டும்.

இத்தகைய கணக்குக்கு வேண்டிய வழியை ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமே வகுத்துக் கொடுத்துவிட்டது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், குழந்தையின் செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகை மனு செய்த நாளிலிருந்து கிடைக்க வேண்டும். ஆனாலும் சம்பளச் சீட்டில் வீட்டுக் கடன், வண்டிக் கடன், சொசைட்டிக் கடன் என்று பிடித்தங்களை அடுக்கி, கைக்கு வருவது சில ஆயிரம்தான் என்று காட்டும் வழக்கம் நின்றபாடில்லை. வருமான வரியும் கட்டாய வைப்பு நிதியும் கழிக்கத்தக்கவை. தானாக விரும்பி வாங்கிய கடனின் தவணை குழந்தையின் சோற்றுக்கு முன்னால் நிற்க முடியாது.

இன்னொரு குறை, தொகை ஒரே இடத்தில் உறைந்துபோவது. என் உறவுக்காரப் பெண் ஒருவரின் மகளுக்கு எல்.கே.ஜி. படிக்கும்போது நிர்ணயிக்கப்பட்ட ஐயாயிரம் ரூபாய்தான், அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் வருகிறது. மாற்றக் கோரலாம், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-வது பிரிவிலும், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-வது பிரிவிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் அதற்கு மீண்டும் வக்கீல், மீண்டும் வாய்தா, மீண்டும் விடுப்பு. தினக்கூலிக்குப் போகும் தாய் அந்தப் படியை மிதிக்கவே அஞ்சுகிறார். 2025 மே மாதம் ராக்கி சாதுகான் வழக்கில், மனைவிக்கு மாதம் 50,000 ரூபாய் வழங்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது 5 சதவீதம் உயர வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதியது. மனைவிக்குச் செய்ய முடிந்ததை, ஆண்டுதோறும் செருப்பின் அளவு மாறும் குழந்தைக்கும் செய்யலாம் அல்லவா?

ஆகவே, குடும்ப நல நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் ஒவ்வொரு பராமரிப்பு உத்தரவிலும், பரஸ்பர சம்மத விவாகரத்தானாலும், குழந்தையின் தொகையைத் தாயின் ஜீவனாம்சத்திலிருந்து பிரித்துத் தனி வரியாகக் குறிப்பிட்டு, கால இடைவெளியில் உயரும் விகிதத்தையும் சேர்த்து எழுதுமாறு சென்னை உயர் நீதிமன்றம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சிராப்பள்ளி.